வேதக்காரர் சொன்ன தலவரலாறு

மன்னார்க் கரையோரத் தாழ்வுபாட்டு அருட்பிரகாசத்தார் ஒரு பொய்யும் சொல்லாமல்தான் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு நான் சாட்சி. பக்கத்து மேசையில் இருந்து பதிவு எழுதியவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். திருக்கேதீச்சரத்தில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. கோயில் அலுவலகமான கந்தோருக்குப் பொறுப்பாக இருந்தவர் தில்லைநாதன் ஐயா, இளைப்பாறிய தபாலதிபர். யாழ்ப்பாணத்திலிருந்து அவரும் நானும் வந்து மூன்று கிழமைதான். யாத்திரிகர்களுக்குத் தலவரலாறு சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அருட்பிரகாசத்தாருக்கோ கடலில் வலைக்கயிறு சுற்றி இடது கை முறிந்து, கோணலாகப் பொருந்தியிருந்தது. இனிக் கடலுக்குப் போக முடியாது. வீட்டில் ஐந்து பிள்ளைகள். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலைமை.

“பேர்?”

“அருட்பிரகாசம், ஐயா.”

ஐயாவின் முகம் மலர்ந்தது. சைவம் சொட்டும் பெயர்.

“கோயில் வேலை பழக்கமோ?”

“ஓம் ஐயா. பத்து வருசம் எங்கடை கோயிலிலை மணி அடிச்சனான்.”

“பூசைக்குப் போவீரோ?”

“ஞாயிற்றுக்கிழமை ஒருநாளும் தவறவிடமாட்டன்.”

“ஞாயிறு விரதம்!” என்று ஐயா என்னிடம் திரும்பி மெச்சினார். “இறைச்சி தின்னுவீரோ?”

“வெள்ளிக்கிழமையிலை தொடமாட்டன் ஐயா.”

வேறென்ன வேண்டும்? வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், கும்பிடுகிற இடமும் கோயில்தான், அங்கே நடப்பதும் பூசைதான் என்பது ஐயாவுக்குத் தெரியாததல்ல. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தானே. ஆனால் எங்கள் கோயிலில் வேலை கேட்டு வருகிறவர் வேறு கோயில்காரராக இருப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் மூளை ஓடவில்லை.

சின்னப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தோம். ஒரு கிழமையில் மனப்பாடம் செய்துவிட்டார். கேது பூசித்த கதை, நாயன்மார் பாடிய பெருமை எல்லாம் பிசகாமல் வந்தன. புத்தகத்தில் இல்லாததையும் சொன்னார். “இந்த மாதோட்டத்திலை அந்தக் காலத்திலை ஏன் அவ்வளவு பெரிய பட்டினம் வந்தது, சொல்லுங்கோ பாப்பம்?” என்று கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொல்வார். “தென்மேற்குச் சோழகக் காத்திலை கப்பல் கொண்டு வந்தவன் காத்து மாறுமட்டும் மாசக்கணக்கா இங்கை கிடக்கவேணும். கிடக்கிறவனுக்குச் சந்தை வேணும். பயந்து கிடக்கிறவனுக்குக் கோயில் வேணும்.” ஐயா இதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டதை நான் கண்டேன்.

போர்த்துக்கீசர் கோயிலை இடித்துக் கல்லைக் கொண்டுபோன இடம் வரும்போது மனிதர் அழுவார். தினமும், பஸ்ஸுக்கு ஒரு முறை. கேட்கிறவர்களும் அழுவார்கள். இப்படி ஒரு பழுத்த சைவர் கிடைத்தாரே என்று ஐயா பூரித்துப்போனார். திருநீறு கொடுத்தால் அருட்பிரகாசத்தார் பணிவோடு பூசிக்கொள்வார். கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

சிவராத்திரிக் காலை. பாலாவிக் குளத்துத் தீர்த்தத்தை அள்ளிக்கொண்டுபோய் யாத்திரிகர்கள் தங்கள் கையாலேயே மகாலிங்கத்துக்கு ஊற்றுகிற நாள். திருகோணமலையிலிருந்து வந்த நாற்பது பேரை அருட்பிரகாசத்தார் குளத்துக்கு அழைத்துப் போனார். தீர்த்தத்தில் விரலை நனைத்தார். பிறந்ததிலிருந்து கோயில் வாசல் தொட்டியில் பழகிய கை, அவரைக் கேட்காமலே நெற்றிக்குப் போயிற்று. பிறகு நெஞ்சு, இடது தோள், வலது தோள்.

இதுதான் இந்தத் தலத்து முறையாக்கும் என்று நாற்பது பேரும் அப்படியே செய்தார்கள். கிழவர் ஒருவர் தோள் மாறித் தொட்டுவிட்டார் என்று பக்கத்தில் நின்ற அம்மா திருத்தியும் விட்டா. பாலாவிக் கரையில் நாற்பது சைவர்கள் சிலுவை போட்டதைத் தில்லைநாதன் ஐயா படிக்கட்டில் நின்று பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐயாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

கந்தோருக்குள் கூப்பிட்டார். “நீர் வேதக்காரரோ?”

“ஓம் ஐயா.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை. கேட்டதுக்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னனான்.”

ஐயா பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். ஒவ்வொரு பதிலும் உண்மையாகவே இருந்தது. அதுதான் அவருக்குக் கூடுதலாகக் கோபமூட்டியது.

“நாளையிலையிருந்து வரவேண்டாம்” என்றார். அருட்பிரகாசத்தார் தலையைக் குனிந்தார். ஐந்து பிள்ளைகளையும் நினைத்திருப்பார். அவர் வாசலைத் தாண்டப்போகையில் ஐயா பொறுக்கமுடியாமல் கேட்டார்: “எல்லாத்தையும் விடும். போர்த்துக்கீசர் இடிச்சதைச் சொல்லேக்கை அழுதீரே, அதுவும் நடிப்போ?”

“இல்லை ஐயா.”

“உம்மடை சமயத்தைக் கொண்டுவந்தவங்கள் இடிச்சதுக்கு நீர் ஏன் காணும் அழவேணும்?”

அருட்பிரகாசத்தார் நின்றார். “இடிக்கச் சொன்னது அவங்கள்தான். ஆனா கப்பலிலை வந்தவன் வெயிலுக்குள்ளை கல்லுச் சுமந்திருப்பானே ஐயா? சுமந்தது எங்கடை ஆக்களாத்தான் இருக்கும். இந்தக் கரையிலை பாரம் தூக்க வேறை ஆர் இருக்கினம்? தாங்கள் கும்பிட்ட கோயிலைத் தாங்களே சுமந்திருப்பாங்கள். அதை நினைச்சால் வந்திடும்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “இப்ப திருப்பிக் கட்டுறதுக்குக் கல்லுத் தூக்கிறதும் அவையள்தான். போய்ப் பேரைக் கேளுங்கோ.”

ஐயா உண்மையிலேயே எழுந்து போனார். நானும் பின்னால் ஓடினேன். கல் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒப்பந்தம் எடுத்த கொந்தறாத்துக்காரன் கூட்டிவந்த ஆட்கள். அவர்கள் பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஐயா கேட்டார். யாகப்பர். வலன்ரைன். எருக்கலம்பிட்டிச் சரிபுதீன். நாலாவது ஆளிடம் அவர் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அருட்பிரகாசத்தார் வாசலிலேயே நின்றார். வீதியில் இன்னொரு பஸ் வந்து நின்றது.

“சனம் வெயிலுக்கை நிக்குது” என்றார் ஐயா, அவர் முகத்தைப் பார்க்காமல். “போய்ச் சொல்லும்.”

“எதுமட்டும் ஐயா?”

“முழுக்க. கல்லுச் சுமந்தவனையும் சேத்து.”