மணி அடிக்காத ரிசப்ஷன்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஏழு வரை அந்த நாற்காலிதான். எல்லா அறையிலும் பழைய இன்டர்காம் போன் உண்டு. அவற்றின் ஒயரெல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியில் சேரும். வெளியிலிருந்து வரும் லேண்ட்லைனும் அதே பெட்டி வழியாகத்தான் என் மேஜைக்கு வரும்.

மழை முடிந்த சமயம், மூன்று வாரம் வெளி அழைப்பே வரவில்லை. சீசன் இல்லை, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த அமைதி எனக்கு வேண்டியிருந்தது.

வருஷா வருஷம் பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் ஆந்திராக் குடும்பம் ஒன்று வேறு லாட்ஜில் இறங்கியது. நாலு நாளாகப் போன் போட்டோம், எடுக்க ஆளில்லை என்று முதலாளியைத் தெருவில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது எங்கள் பழைய கார்டு. அதில் லேண்ட்லைன் நம்பர் மட்டும்தான்.

"போன் பண்ணா எடுக்கறதேயில்லயாமே? செல்லு பாத்துக்கினே உக்காந்திருக்கியா?" என்றார் முதலாளி.

"அடிக்கவே இல்லைங்க சார்."

"நானே பண்ணிப் பாத்தேன். நல்லா ரிங் போவுது."

ரிசீவரை எடுத்துக் காட்டினேன். டயல் டோன் சுத்தமாக இருந்தது. அறைகளிலிருந்து போட்டால் மணி அடித்தது. எல்லாம் எனக்கு எதிராகவே இருந்தது. இனிமேல் கவனமாக இருப்பேன் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். வீட்டில் சொன்னால், "நீ அசந்திருப்ப. உனக்கு இப்பல்லாம் அசதி ஜாஸ்தி" என்றார் கணவர். அதன் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. யாரும் இல்லாதபோது ஒவ்வொரு காதாகப் பொத்தி, சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன்.

ஒயரை மாற்றினேன். மாடி அறைப் போனைக் கழற்றி வந்து மாட்டினேன். பயனில்லை. லைன்மேன் வந்து பார்த்து, "எங்க லைன் வாசல் வரைக்கும் நல்லா இருக்கு. உள்ள இருக்கறது உங்க பெட்டி" என்று போய்விட்டார். கடைசியில் அந்தப் பெட்டியை மாட்டியவரின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். இப்போது ஆரணியில் கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டும் வேலை செய்கிறாராம்.

"அந்த வேலைய விட்டே ரொம்ப நாள் ஆச்சும்மா," என்றவர், சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணு செய்ங்க. உங்க செல்லுல இருந்து லாட்ஜ் நம்பருக்குப் போட்டுட்டு கட்டடத்த ஒரு சுத்து சுத்துங்க. ரிங் போவுதுன்னா எங்கயோ அடிக்கணும் இல்ல?"

இரண்டு மாடி ஏறினேன். ஒவ்வொரு கதவாக நின்று கேட்டேன். ரிங் நின்றால் மறுபடி போட்டேன். முட்டி விண்விண் என்று தெறித்தது. கீழே இறங்கிப் பின்பக்கத்துக்கு வந்தால், அறை பெருக்கும் அக்கா தரை துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா தேடற?"

"எங்கயாவது போன் அடிக்குதான்னு பாக்கறேங்கா."

"நூத்தியொண்ணுலதான் தினமும் அடிக்குதே."

நூற்றொன்றில் சுவர் ஒழுகி, மழைக்காலம் முதல் பூட்டிக் கிடக்கிறது. கிழிந்த மெத்தைகளை அதில் போட்டு வைத்திருந்தோம். கதவில் காதை வைத்தேன். மெத்தைகளுக்கு அடியிலிருந்து சன்னமாக மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேம்மா. ரெண்டு வாட்டி சொன்னேன். ஆளில்லாத ரூம்ல போன் எப்படிக்கா அடிக்கும்னு நீதான் சிரிச்ச."

கோபமில்லாமல்தான் சொன்னார். நான் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மறுபடி போன் செய்து சொன்னதும் ஆரணிக்காரருக்கு விஷயம் புரிந்தது. "பெரிய பவர் கட் ஏதாச்சும் ஆச்சா? உள்ள சின்ன பேட்டரி ஒண்ணு இருக்கும். அது செத்திருந்தா, பெட்டிக்கு நாம சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்துடும். வெளியேந்து வர்ற போனையெல்லாம் முதல் ஒயருக்கே அனுப்பும். அந்த ஒயர் நூத்தியொண்ணுக்குப் போவுது." திரும்பச் சொல்லிக் கொடுக்கப் போனில் அழுத்த வேண்டிய எண்களை அவர் மறந்திருந்தார். பெட்டியோடு வந்த புத்தகமும் இல்லை. "பெட்டியில முதல் ஜோடி ஒயரையும் உங்க மேஜைக்கு வர்ற ஜோடியையும் இடம் மாத்திடுங்க, போதும்."

பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, செல்லைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒயர்களைப் பிடுங்கினேன். முதலில் தப்பான ஜோடியைப் பிடுங்கியதில் நூற்றைந்தின் போன் செத்தது. அதைத் திரும்பச் செருகிவிட்டு மறுபடி தேடினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு அக்காவைக் கூப்பிட்டு, என் செல்லைக் கையில் கொடுத்து, வாசலில் நின்று போடச் சொன்னேன். மேஜையில் மணி அடித்தது. எடுத்தேன்.

"அலோ, நான்தாம்மா பேசறேன்," என்றார் அக்கா. "கேக்குதா?"

"கேக்குதுக்கா. தப்பு என்மேலதான்கா."

"விடும்மா. டீ வந்திருக்கு, வா."

முதலாளியிடம் போய்ப் பெட்டியில் நடந்ததை விளக்கினேன். பாதியில், "சரி, இனிமேயாச்சும் ஒழுங்கா எடு" என்றார். கடிதத்தைக் கேட்டேன். ஃபைலில் இருக்கட்டும் என்றார். வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையிலிருந்தே மணி ஓயவில்லை. மத்தியானத்துக்குள் காது சூடாகிவிட்டது. அறையெல்லாம் நிரம்பிவிட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், "ரூமுலு லேவண்டி, லேவண்டி" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.