எல்லைக்கு வெளியே இருக்கிறார்

கருத்தக்கண்ணனை ஒரு இடத்தில் உட்கார வைப்பதென்றால் கயிறு போட்டுக் கட்டினால்தான் உண்டு. செக்கானூரணிக்கு மேற்கே ஊர். பிழைப்பு வாழை இலை. விடியுமுன் இலை அறுத்துக் கட்டி, டி.வி.எஸ். ஃபிப்டியில் ஏற்றி, மதுரை தல்லாகுளம் மெஸ்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, நாலு பேரிடம் வம்பளந்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு அந்த வருசம் பங்குனிப் பொங்கலில் அம்மன் கரகம் எடுக்கும் பாக்கியம் வாய்த்தது.

கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்ததில் அவர் பேருக்குத்தான் வந்தது. போட்டிக்கு நின்றவர் வேறு யாருமில்லை, மனைவி அன்னக்கொடியின் அண்ணன் விருமாண்டி. அன்றோடு மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். கருத்தக்கண்ணனுக்கு அது நெஞ்சில் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் மீசை முளைக்காத வயசிலிருந்து ஏங்கிய கரகமாயிற்றே, விட்டுக்கொடுக்க மனசு வருமா?

கரகம் எடுப்பவர் கையில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கரகம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். இலையை ஆள் வைத்து அனுப்பிவிடலாம். எந்த மெஸ்ஸுக்கு எத்தனை கட்டு என்று யார் போய்க் கேட்பது? அதற்காகவே காப்புக்கு முந்தின நாள் மதுரைக்குப் போய்ப் பழைய செல்போன் ஒன்று வாங்கி வந்தார். ஊருக்குள் நாலைந்து பேரிடம் மட்டும் செல் இருந்த காலம் அது. கடைக்காரரே சிம்மைப் போட்டுக் கொடுத்தார். கடையில் டவர் கோடு கோடாக நின்றது.

காப்புக் கட்டிய அன்று பார்த்தால் ஒரு கோடுகூட இல்லை. மொட்டை மாடியில் ஏறினார். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார். கடைசியில் தோட்டத்துக் கிணற்று மேட்டுக்குப் போய், மதுரை இருக்கும் திசையில் போனை நீட்டிக்கொண்டே நின்றார். அணைத்துப் போட்டார், வேட்டியில் துடைத்தார், வாய்க்கு வந்தபடி வைதும் பார்த்தார். அது அசையவே இல்லை. பொழுது போனதுதான் மிச்சம்.

இதற்குள் கோயில் பெரியாம்பிளை நல்லகாமன், மேளக்காரர்கள் விசயமாக அவருக்குப் போன் போட்டிருக்கிறார். ஒரு பெண் குரல் வந்தது: “நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.” வாடிக்கையாளராவது தொடர்பாவது, நல்லகாமன் காதில் ஏறியது கடைசி மூன்று வார்த்தைதான். ஆளைத் தேடினால் வீட்டிலும் இல்லை. “காப்போட மதுரைக்குப் போயிட்டாராம்ல!” என்று ஊரே பேசியது. சாயங்காலம் கோயிலுக்குக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள்.

“எங்கப்பா போயிருந்த?”

“எங்கயும் போகலண்ணே! எங் கெணத்து மேட்டுலதான் டவர் தேடிக்கிட்டு நின்னேன்.”

“எல்லைக்கு வெளிய இருக்கன்னு அந்தப் பிள்ளை சொல்லுதே?”

“இப்பக் கூப்பிடுங்க. ஆத்தா முன்னாடிதான நிக்கிறேன்?”

நல்லகாமன் கூப்பிட்டார். அம்மன் சன்னிதியில், காப்புக் கையோடு நிற்கிற மனுசனை, எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மறுபடியும் சொன்னது அந்தக் குரல். இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். நல்லகாமன் சிரிக்கவில்லை.

“எம் போன்ல டவர் நல்லாத்தான நிக்குது? சாமி முன்னாடியே இப்பிடிச் சொன்னா நான் என்னத்தைன்னு எடுத்துக்கிறது? கரகத்தைப் பத்தி யோசிக்கணும்ப்பா.”

கருத்தக்கண்ணன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் விருமாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தைப் பார்க்காமலே போனைப் பிடுங்கி, சிம் சரியாக இருக்கிறதா என்று பின்மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து கட்டைவிரல் அகலத்தில் ஒரு செப்புத் தகடு டணங்கென்று தரையில் விழுந்தது.

அன்னக்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பழைய போனுன்னு சொன்னாக. முன்ன வச்சிருந்தது யாரோ, அவுகளுக்கு என்ன ஆச்சோ? அதான் கோடாங்கிகிட்ட மந்திரிச்சு வாங்கி, நாந்தான் உள்ள வச்சேன்.”

“தகடு நல்ல தகடுதான் போ! காத்துக் கருப்பும் வரல, போன் காலும் வரல!” என்று யாரோ கத்த, இந்தமுறை நல்லகாமனே குலுங்கிச் சிரித்துவிட்டார்.

விருமாண்டி மட்டும் சிரிக்காமல் மூடியை மாட்டினார். கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. போனைத் திருப்பிக் கொடுத்தவர், நல்லகாமனின் போனை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய், முதுகைக் காட்டி நின்று கூப்பிட்டார். கருத்தக்கண்ணன் கையில் மணி அடித்தது. பொம்பளைகள் போட்ட குலவை கோயிலை நிறைத்தது.

“அலோ, யாரு?”

“நாந்தான் மாப்ள.”

ஐந்தடி தூரத்தில் இருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் கருத்தக்கண்ணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“சொல்லுங்க மச்சான்.”

“நீ கரகத்தை எடு. பின்னாடி குடை பிடிச்சு நான் வாரேன்.”