மின்விசிறி சுற்றாத அறை

சருகு டீச்சர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுப்பவள். விடுமுறை வந்தால் போதும், காட்டுக்குப் போய் மரத்தடிச் சருகை அள்ளிச் சலித்து, மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஊரே குப்பையை வெளியே கொட்டுகிறது, நம் வீட்டில் மட்டும் உள்ளே வருகிறது என்று மாமியார் புலம்பாத நாளில்லை.

அந்தக் குப்பையில்தான் வண்டு இருந்தது. பழுப்பாக, கடுகில் பாதி. இதுவரை யாரும் விவரித்து எழுதாத இனம் என்று டீச்சரின் மனம் அடித்துச் சொன்னது. மனம் சொன்னால் யார் ஏற்றுக்கொள்வார்கள்? இந்த வகை வண்டுகள் வெளியே பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் வண்டின் வயிற்றுக்குள்ளிருந்து இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து, அதன் வடிவத்தைப் பார்த்தால்தான் இது வேறு, அது வேறு என்று தீர்ப்பெழுத முடியும். அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு ஆண். இன்னொன்றைத் தேடிப் போகலாமென்றால், அது கிடைத்த காட்டுப் பகுதியையே வழித்தெடுத்துச் சாலை போட்டுவிட்டார்கள்.

அன்று மத்தியானம் பின்னறையில் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தையற்காரரான அவள் கணவர் மேஜையின் மறுமுனையில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். மெஷினை மிதித்தால் மேஜை அதிரும் என்பதால், ஒரு சட்டைக்குக் கையாலேயே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் ஃபேன் போடட்டுமா? வெந்து சாகறேன்."

"மூச்சக்கூட மெதுவா விடுங்க."

"அதையும் நிறுத்திட்டா உனக்கு நிம்மதிதான்."

அவள் சிரிக்கவில்லை. உறுப்பு வெளியே வந்துவிட்டது, முடியின் நுனியை நறுக்கிப் போட்டதுபோல. கழுவி முடித்து, கண்ணாடித் தட்டிலிருந்த கிளிசரின் துளியில் வைக்க இடுக்கியால் தூக்கினாள். பிடி கொஞ்சம் அழுந்திவிட்டது. சட்டென்று தெறித்தது.

"அசையாதீங்க!"

அவர் ஊசியோடு தூக்கிய கையை இறக்காமல் அப்படியே உறைந்தார்.

டீச்சர் மேஜையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள். டார்ச்சோடு தரையில் தவழ்ந்தாள். கதவு திறந்தது. துடைப்பமும் கையுமாக மாமியார்.

"கீழ என்னடி தேடற? பெருக்கி விடட்டுமா?"

"அத்தே, அங்கயே நில்லுங்க!"

அந்த அலறலில் துடைப்பம் வாசலோடு நின்றது. உறுப்பில்லாத வண்டு வெறும் வண்டு. அப்படியோர் இனம் இருந்ததாகச் சொன்னால் இனி எவரும் நம்பப்போவதில்லை. டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு. எல்லாம் போச்சு."

மேலேயிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு குரல் வந்தது. "நான் கையை இறக்கலாமா?"

நிமிர்ந்தாள். வியர்வையில் நனைந்த அந்த முழங்கைக்குப் பக்கத்தில், பழுப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. மேலிருந்து ஒரு வியர்வைத் துளி அதை நோக்கி உருண்டு வந்துகொண்டிருந்தது.

"இறக்காதீங்க. பேசாதீங்க."

ஈரத் தூரிகையின் நுனி துளியை முந்திக்கொண்டது. துணுக்கு கிளிசரினுக்குள் இறங்கியது. அவள் லென்ஸில் கண்ணை வைத்தாள். எழுதிவைக்கப்பட்ட இனங்கள் எல்லாவற்றிலும் அந்த நுனி நேராக இருக்கும். இதில் கொக்கியாக இடப்பக்கம் வளைந்திருந்தது.

"புதுசுதாங்க," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த அறையில் அதுவரை சொல்லாததைச் சொன்னாள். "ஃபேனைப் போட்டுக்குங்க."

அவர் சுவிட்சைப் பார்த்தார். கண்ணாடித் தட்டைப் பார்த்தார். தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.

"மொதல்ல அதை மூடு," என்றார்.