நெவேனா கட்டிய நூல்

எங்கள் கம்பெனி ரூசே நகரத்தில் பொத்தான் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. மொத்தமே பதினான்கு பேர். கடிதப் போக்குவரத்து நெவேனாவின் பொறுப்பு. மெயில் சர்வரை வாங்கி, ஊறுகாய் ஜாடிகள் இருந்த சிற்றறையில் பெருமையாக உட்காரவைத்தவன் நான். அதைக் காப்பாற்றியவள் அவள். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடித்ததும் அவளிடமிருந்து எல்லோருக்கும் ஒரு வரி மெயில் வரும்: "தபாலை மூடுகிறேன். சூப் ஆறுகிறது." உடனே சர்வரில் மெயிலை நிறுத்திவிட்டு, டேப்பில் நகல் எடுக்க விடுவாள். அது முடியும்வரை யாரும் எழுத முடியாது. பீன்ஸ் சூப்பும் அரட்டையுமாக ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரத்துக்காக இப்போதும் மனசு ஏங்குகிறது.

நகல் முடிந்த டேப்பின் பெட்டியில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டி, கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவாள். மார்ச் முதல் தேதி எங்கள் ஊர் வழக்கப்படி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, வசந்தத்தின் முதல் நாரையைக் கண்ணால் பார்த்த பிறகே அவிழ்க்கும் அதே நூல். திங்கட்கிழமை டேப்பைக் கொண்டுவந்து ஒரு பழைய கம்ப்யூட்டரில் இறக்கி, கடைசிக் கடிதத்தைத் திறந்து வாசிப்பாள். பிறகுதான் நூலை அவிழ்ப்பாள்.

"டேப்புக்கு என்ன, கல்யாணமா?" என்று கேட்டேன் ஒருமுறை.

"ஏன் ப்ளாமென், நாரை வந்துடுச்சுன்னு ரேடியோல சொன்னா நீ நூலை அவுத்துடுவியா?"

"அதெப்படி, நான் பாக்க வேண்டாமா?"

"அப்ப மெஷின் 'முடிஞ்சுது'ன்னா மட்டும் எப்படி நம்புற?"

2006இல் முட்டி அறுவை சிகிச்சைக்காக ஆறு வாரம் லீவு போட்டாள். நான் பொறுப்பேற்றேன். சூப்புக்காகத் தபாலை நிறுத்துவது எனக்குப் பத்தாம்பசலித்தனமாகப் பட்டது. மெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகல் எடுத்தேன். திரையில் பச்சையாக 'முடிந்தது' என்று வந்ததும் நூலைக் கட்டிய கையோடு அவிழ்த்தேன். திங்கட்கிழமை செய்யும் வேலை மிச்சமானது.

ஆறாவது வாரம் சர்வரின் டிஸ்க் செத்தது.

"எட்டு வருஷக் கடிதம். எந்த ஆள் எந்தப் பொத்தானுக்கு சரின்னு சொன்னான்ங்கறது அதுலதான் இருக்கு," என்றார் முதலாளி கலபோவ். "நாளைக்குள்ள வரலேன்னா நீ வேற வேலை பாத்துக்கோ."

அவளுடைய பழைய நகல்களை அழித்து நான் எடுத்த ஆறு டேப்பையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, மெயிலைத் தவிர. மெயில் ஓடிக்கொண்டிருந்ததால் அதன் கோப்பைத் தொட முடியாமல் மெஷின் ஒவ்வொரு வாரமும் அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

வெட்கத்தை விட்டு நெவேனாவுக்கு போன் செய்தேன். கைத்தடியோடு வந்தாள்.

"நூலை யாரு அவுத்தது?"

"நான்தான்."

"நாரையைப் பாத்தியா?"

அவள் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தாள். லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எடுத்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் சரிபார்க்காதது. நூல் கட்டியபடியே இருந்தது.

"இதுவும் காலியா இருந்தா?" என்றேன்.

"இருந்தா ரெண்டு பேரும் சேந்து வேலை தேடுவோம். உக்காரு."

டேப் சுற்றி முடிய முக்கால் மணி ஆனது. கடைசிக் கடிதத்தைத் திறந்தாள். "தபாலை மூடுகிறேன். சூப் ஆறுகிறது." நான் அழுதேன். அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"பாத்துட்டல்ல? நீயே அவுத்துடு," என்றாள்.

அந்த ஆறு வாரக் கடிதங்கள் போனது போனதுதான். முப்பத்திரண்டு பேருக்கு எழுதி, அவர்களிடம் இருந்த பிரதிகளைக் கெஞ்சி வாங்கினேன். எனக்கு நன்றாக வேண்டும்.

நெவேனா இறந்து நாலு வருஷமாகிறது. சர்வர் மாறிவிட்டது, டேப்பும் போய்விட்டது. நூல் மட்டும் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் நான் மீட்டெடுத்து வாசித்துப் பார்ப்பது அவளுடைய அந்த 'சூப் ஆறுகிறது' கடிதத்தைத்தான். போன மாதம் என்னை அறியாமல் "வர்றேன்" என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. அதையும் சேர்த்தே நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.