எந்த விசையானாலும்

பெரம்பலூரில் நான் விஷுவல் பேசிக் என்ற புரோகிராம் மொழி சொல்லிக்கொடுத்த கணினி மையத்துக்கு, லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ் ஏறி வருவார் அந்தப் பெண். கறுப்பு புர்கா, தடித்த கண்ணாடி, விரல்நுனிகளில் மருதாணி. எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்க்கும் முன் "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் விசையைத் தொடுவார்.

அழுத்தப்பட்ட விசை எது என்று புரோகிராம் கண்டுபிடிக்கும் விதத்தை ஒருநாள் விளக்கினேன். அவர் எழுந்தார்.

"எந்த கீயை அமுக்குனாலும் ஒரே சத்தம் வரணும் சார். முடியுங்களா?"

"எதை அமுக்குனாங்கன்னு பிரிச்சுப் பாக்கத்தாம்மா இந்தப் பாடமே."

"என் தங்கச்சிக்குப் பேச்சு வராது சார், விரலும் மடங்கிக் கெடக்கு. கையை மொத்தமாத்தான் வைப்பா. அவ எதை அமுக்குனாலும் என்னையக் கூப்புடுறான்னுதான் அர்த்தம்."

முதலில் அவர் எழுதியது வேலை செய்யவில்லை. திரையிலிருந்த ஒரு பொத்தான் விசைகளையெல்லாம் தானே வாங்கிக்கொண்டது. உதவப் போனேன். "இருங்க சார், நானே பாக்குறேன்" என்று தடுத்துவிட்டார். விசை எதுவானாலும் பொத்தானுக்குப் போகாமல், அதைத் தாங்கியிருக்கும் ஜன்னலான ஃபார்முக்கே முதலில் வரும்படி மாற்றும் வழியை அந்த வாரமே கண்டுபிடித்தார்.

வீட்டார் தங்கையை வேனில் மையத்துக்கு அழைத்துவந்தார்கள். மடங்கிய கை விசைப்பலகையில் விழுந்ததும் மணி அடித்தது. திரை முழுக்க "அக்கா" என்று வந்தது. தங்கை சிரித்துக்கொண்டே மறுபடி அடித்தாள்.

"இந்தா, வந்துட்டேன்" என்றார் அக்கா, பக்கத்திலேயே நின்றுகொண்டு.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று பெரிய கம்பெனிகளில் இருக்கிறார்கள். யாரைப் பற்றியாவது பெருமையாகச் சொல்லுங்கள் என்றால், நான் இவரைத்தான் சொல்கிறேன்.