கருவாட்டுக்கு லத்தீனில் சிபாரிசு

எனக்குத் தமிழே தவணை முறையில்தான் வரும். பஸ் போர்டை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் புழல் போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவன் லத்தீனில் இறங்கினேன் என்றால், காரணம் என் மனைவியின் முட்டிவலி.

எர்ணாவூரில் எங்களுக்கு மூன்றாவது மாடி. அவள் ராயபுரம் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறாள், நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். சாயங்காலம் வந்து ஒவ்வொரு படி ஏறும்போதும் என்னைத் திட்டுவாள். படியைக் கட்டினது நான் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கீழ்வீடாகப் பார்த்து அலைந்தோம். எல்லாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். கருவாட்டு வியாபாரம் என்றதும், ஊரிலிருந்து சொந்தக்காரர் வருகிறார் என்பார்கள். அத்தனை வீட்டுக்கும் ஒரே சொந்தக்காரர் போலிருக்கிறது.

பிறகு ராயபுரத்தில் ஒரு கீழ்வீடு அமைந்தது. மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம். வீட்டுக்காரர் மேலே இருந்தார். வயதானவர், சர்ச் சாமியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பி, கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தவர். வாசல் கல்லில் ஏதோ செதுக்கியிருந்தது. லத்தீன் என்றார். தொழிலைக் கேட்டார், சொன்னோம். மூக்கைத் தடவிக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்ப்பா."

வெளியே வந்ததும் மனைவி, "அவ்ளோதான், இன்னொரு சொந்தக்காரன் கிளம்பிட்டான்" என்றாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனுஷனை அவர் பாஷையிலேயே மடக்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன்.

டோல்கேட் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்தபோது போனை எடுத்து, காசைப் பற்றி லத்தீன் பழமொழி வேண்டும் என்று வாயால் சொன்னேன். வரிசையாகக் கொட்டியது. ஒவ்வொன்றையும் மொழிபெயர்ப்பு அகராதியில் போட்டேன். முதலாவது, ஆசைதான் எல்லாத் தீமைக்கும் வேர் என்றது. வாடகை வாங்குகிறவரிடம் போய் இதைச் சொன்னால் உருப்படுமா? அடுத்தது, பயன்படுத்தத் தெரிந்தவனுக்குப் பணம் வேலைக்காரி, தெரியாதவனுக்கு எசமானி என்றது. எங்கள் வீட்டில் எசமானி யார் என்பதற்கு லத்தீன் தேவையில்லை. மூன்றாவதுதான் மாட்டியது: பெக்கூனியா நோன் ஓலெத். 'பணம் மணம் வீசாது' என்றது அகராதி. கடைசி வார்த்தையை மட்டும் தனியாகத் தட்டினேன். 'நாறுகிறது' என்று வந்தது. அட, நம்ம சங்கதி!

எங்கள் பக்கம் ஆட்டோ என்றால் முதுகில் ஒரு வாசகம் இருந்தாக வேண்டும். என்னுடையதில் 'அம்மா ஆசி' பாதி உரிந்து 'மா ஆசி' என்று இருந்தது. அதைச் சுரண்டிவிட்டு, லத்தீனை வெட்டி ஒட்டச் சொன்னேன்.

ஸ்டிக்கர் கடைக்காரன் உற்றுப் பார்த்தான். "இன்னா மாமு இது, மூலத்துக்கு மாத்திரையா?"

"நீ ஒட்டு நைனா. வூடு கிடைக்கிற மந்திரம் இது."

மறுநாள் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போய், ஆட்டோவின் முதுகு அவர் பால்கனியைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி ஹாரன் அடித்தேன். எட்டிப் பார்த்தவர், கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"யாருப்பா எழுதிக் குடுத்தது?"

"நானே புட்ச்சது சார். காசு நாறாதாம்."

அவருக்கு ஒரே குஷி. அந்தக் காலத்து ரோமாபுரி ராஜா ஒருத்தர் மூத்திரத்துக்கு வரி போட்டாராம். மகன் முகம் சுளித்தானாம். வசூலான காசை அவன் மூக்கருகில் நீட்டி, நாறுதா பார் என்றாராம்.

மனைவி கையைத் தட்டினாள். "இதுக்குத்தான் இந்தாளு ஆட்டோவ கலீஜ் பண்ணி வச்சுகினு கீதா? கருவாடு வித்த காசு நாறுமா, நாய் வித்த காசு குலைக்குமான்னு எங்க மார்க்கெட்ல பச்சப்புள்ளையும் சொல்லும் சார்."

வீட்டுக்காரர் சிரித்தார். நான் சாவிக்குக் கையை நீட்டாத குறைதான். சட்டென்று அவர் சிரிப்பு நின்றது.

"காசு நாறாது, சரி. கருவாடு நாறுமே?"

இதற்கு அகராதியில் பதில் பார்த்து வைக்கவில்லை. வாதத்தை நானே தூக்கிக் கொடுத்து, நானே அடி வாங்கியிருந்தேன்.

"கருவாடு ஏன் சார் வூட்டுக்கு வருது?" என்றாள் மனைவி. "மார்க்கெட்ல பொட்டி கீது. அதுல வச்சு பூட்டிகினு, அங்கயே கை கால் கழுவி, வேற பொடவ கட்டிகினுதான் கிளம்புவேன். வூட்டுக்கு வர்றது காசும் இந்தாளும்தான்."

"அப்ப நாத்தம்?"

"இந்தாளுதான். அதுக்கு நான் கேரண்டி இல்ல."

இத்தனை வீட்டில் யாரும் இதைக் கேட்கவும் இல்லை, நான் அவளைச் சொல்ல விடவும் இல்லை. வாசலில் நின்று என் வாய்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குளிப்பியாப்பா?" என்றார். தினமும் என்று சத்தியம் செய்தேன். சாவி அவள் கைக்குப் போனது.

இப்போது வாசலுக்கு ஒரே ஒரு படி. அதற்கும் ஒரு திட்டு உண்டு, பழக்க தோஷம். ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. சவாரி ஏறுகிறவர்கள் அர்த்தம் கேட்டால் ரோமாபுரியிலிருந்து ஆரம்பிப்பேன், பாதியிலேயே இறங்கிவிடுவார்கள். கருவாடு எங்கள் வீட்டு வாசப்படியை மிதித்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவே மணக்கும், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மேல்வீட்டிலிருந்துதான். சனிக்கிழமை மார்க்கெட்டுக்கு அவரே பை தூக்கிக்கொண்டு வருகிறாராம்.