மடிப்பு விழாத நோட்டுகள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது பணம் மாற்றித் தரும், வெளிநாட்டுக்கு அனுப்பியும் வைக்கும் அந்தக் கடை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி ஊருக்கே அவர் 'மடிப்பு'. முகத்துக்கு நேரே என்றால் 'மடிப்பு சார்'.

வெளிநாட்டு நோட்டை யார் நீட்டினாலும் அதில் என்ன தொகை, யார் படம் என்றெல்லாம் அவர் கண் போகாது. விளக்குக்கு நேரே பிடித்து, நகத்தால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்.

"நடுவுல மடிச்சிருக்கீங்க. எடுக்க மாட்டோம்."

"மணிபர்ஸ்ல வச்சா மடியாம என்ன சார் பண்ணும்?"

"மணிபர்ஸ்ல ஏன் வச்சீங்க?"

இதற்கு மேல் அவரிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

நோட்டு வாங்குகிறாரோ இல்லையோ, புத்திமதியைத் தாராளமாகக் கொடுப்பார். பயணம் கிளம்புகிறவர் யாராவது சிக்கினால் போதும், பிடித்துக்கொள்வார். "ஏர்போர்ட்ல மாத்தாதீங்க, தோலை உரிச்சிடுவான். ஜன்னலை விட்டு நகர்றதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க. ரசீதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, மிச்சத்தைத் திருப்பி மாத்த அது வேணும். கமிஷன் இல்லைன்னு போர்டு வச்சிருந்தான்னா, ரேட்டுல கை வச்சிருக்கான்னு அர்த்தம்." இதைச் சொல்லும்போது அவர் தலைக்கு மேலேயே 'கமிஷன் இல்லை' என்று ஒரு போர்டு தொங்கிக்கொண்டிருக்கும். வைத்தது முதலாளி. அதனால் அவருக்கு அதில் கூச்சம் இல்லை.

அடுத்தது சொந்த நாட்டுக் காசின் சரித்திரம். முதல் நோட்டில் ராஜா படம் இருந்தது. ராஜாவைத் துரத்தியதும் அணைக்கட்டைப் போட்டார்கள். அணையில் விரிசல் விழுந்ததும் ஒரு பறவையைப் போட்டார்கள். "இப்ப அந்தப் பறவையும் நாட்டுல இல்ல" என்று நிறுத்தி, கேட்பவர் சிரிப்பதற்கு இடம் விடுவார். படம் மாறியதற்குக்கூட அவருக்குக் கோபம் இல்லை. நடுவில் ஒருமுறை நோட்டில் பூஜ்ஜியங்களை வெட்டினார்கள். அவருடைய அப்பா வீடு வாங்கச் சேர்த்திருந்த பணத்தை வரிசையில் நின்று மாற்றிக்கொண்டு வந்தபோது, அதில் ஒரு சைக்கிள்தான் வாங்க முடிந்தது. அதுவும் யாரோ ஓட்டித் தள்ளிய சைக்கிள். அந்தக் காயம் மகனுக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே முடிவெடுத்துவிட்டார். சேமிப்பென்றால் வெளிநாட்டு நோட்டு, அதுவும் மடிப்பு விழாதது. வருகிற நோட்டுகளில் மாப்பிள்ளை பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சம்பளத்திலிருந்து காசு போட்டு வாங்கி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து, பழுப்புத் தாளில் சுற்றி ஒட்டி, பீரோவின் மேல்தட்டில் வைத்தார். அதன்மேல் ஒரு கைக்குட்டைகூட வைக்க வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். வருகிற கூலியை நாலாக மடித்துப் பொத்தான் டப்பாவில் போட்டுவைப்பார்.

"அது பணமில்ல, காகிதம்" என்பார் இவர்.

"மளிகைக்கடைக்காரர் அந்தக் காகிதத்தைத்தான் கேக்குறார்" என்பார் அந்தம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

மகளுக்கு அந்த நோட்டு புழங்கும் நாட்டிலேயே ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. போய் இறங்கியதும் ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். மடிப்பு சார் பீரோவின் மேல்தட்டிலிருந்து பொட்டலத்தைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் இறக்கி மகளிடம் கொடுத்தார்.

"ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடலாமே" என்றார் மனைவி.

"பிரிச்சா ஓரம் மடங்கும். கண்ணு, அங்க பேங்க் கவுன்ட்டர்ல போய்த்தான் பிரிக்கணும், தெரிஞ்சுதா?"

அவளும் அப்பா பேச்சைத் தட்டாமல் அங்கே போய்த்தான் பிரித்தாள். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை இவர் பாதி முகத்தில் சோப்போடு நின்றிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, நோட்டை வாங்க மாட்டேங்குறாங்க."

"எங்க மடிஞ்சிருக்காம்?"

"மடிப்பே இல்லப்பா. இவ்வளவு புதுசா பாத்ததே இல்லைன்னு கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ஆச்சரியப்பட்டா. தாடிக்காரர் படம் போட்ட நோட்டை எப்பவோ நிறுத்திட்டாங்களாம். மாத்திக்கக் குடுத்த கெடுவும் முடிஞ்சுபோச்சாம். வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டலைன்னா ரூமை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நான் எங்கப்பா போவேன்?"

அந்தத் தாடிக்காரரை அவருக்கு நன்றாகத் தெரியும். கடைக் கண்ணாடியில் 'இந்த நோட்டு செல்லாது' என்று அந்தப் படத்தின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட அறிவிப்பை ஒட்டியதே அவர்தான். எத்தனையோ பேரிடம் அதைத் தட்டிக் காட்டி, "படிச்சவங்கதானே, கண்ணு தெரியலையா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். ஒட்டிய பிறகு அவர் நாற்காலியிலிருந்து தெரிந்தது அதன் வெள்ளை முதுகு மட்டும்தான். பீரோவின் மேல்தட்டில் இருப்பது மடிப்பில்லாத நோட்டு என்பதுதான் அவர் நினைவில் இருந்ததே தவிர, அதில் யார் முகம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பேங்கில் கடன் கேட்கலாம், முதலாளியிடம் கெஞ்சலாம் என்று என்னென்னவோ உளறினார். மனைவி தோசைக்கல்லை ணங்கென்று இறக்கினார். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் அவர் பாதி ஷேவிங்கோடு கடைக்கு ஓடினார்.

கடை திறந்து கொஞ்ச நேரத்தில், வரிசையில் நாலாவது ஆளாக மனைவி நின்றிருந்தார், கையில் பொத்தான் டப்பாவோடு.

முறை வந்ததும் டப்பாவை ஜன்னலுக்குள் கவிழ்த்தார். நாலாக மடித்த நோட்டு, எட்டாக மடித்த நோட்டு, தையல் சாக்பீஸ் ஒட்டிய நோட்டு, நடுநடுவே இரண்டு பொத்தான்கள்.

"பொண்ணுக்கு அனுப்பணும். கமிஷன் இல்லைன்னு போட்டிருக்கே, ரேட்டுல எவ்வளவு கை வச்சிருக்கீங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அடிக்குரலில் தொகையைச் சொன்னார். தன் மகளின் பணத்திலிருந்து முதலாளிக்காகத் தானே பிய்த்துக்கொள்ளப் போகும் தொகை அது.

"சரி, எண்ணுங்க. நான் நகர மாட்டேன். ரசீதும் வேணும்."

அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையால் நீவி, அடுக்கத் தொடங்கினார். பாழாய்ப்போன பழக்கம், ஒரு நோட்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துவிட்டார். நகம் தானாகக் கோடு இழுத்தது.

"எட்டா மடிச்சிருக்கே..."

மனைவி ஜன்னலுக்குக் கிட்டே குனிந்தார்.

"செல்லுமா செல்லாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"செல்லும்" என்றார் மடிப்பு சார்.